இணைவு, நாக் கிரேடு, ஆலிம் சனது: இஸ்லாமியக் கல்லூரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து கல்லூரி திறக்கும்வரை எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், ராஜகிரி, அய்யம்பேட்டை, நாகூர் என்று ஊர்தான் மாறும், சந்தேகம் மாறாது. டெல்டா பக்கத்துச் சிறுபான்மைக் கல்லூரி ஒன்றில் தரப் பிரிவு வேலையைப் பார்ப்பவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஜும்மா முடிந்து செருப்பு மாட்டும் நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

நம் பக்கத்தில் ‘இஸ்லாமியக் கல்லூரி’ என்று இரண்டு வகையைச் சொல்கிறோம். ஒன்று, முஸ்லிம் அறக்கட்டளைகள் நடத்தும் கலை அறிவியல் கல்லூரி. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி (1951), அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி (1955) இந்த வகை. மற்றொன்று, ஆலிம் (மார்க்க அறிஞர்) படிப்புக்கான அரபிக் கல்லூரி, அதாவது மதரஸா. அங்கே ஓதி முடித்தவருக்குக் கொடுக்கும் சான்றிதழ்தான் சனது. நீடூர் மிஸ்பாஹுல் ஹுதா, லால்பேட்டை மன்பவுல் அன்வார் போன்றவை இந்த வகை. குழப்பத்தில் முக்கால்வாசி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வருகிறது. முதலில் வரும் கேள்விகள் முதல் வகைக்கு, பின்னால் வருபவை இரண்டாவது வகைக்கு.

“அங்கீகாரம், நாக் கிரேடு, ரெண்டும் ஒண்ணுதானே?”

இல்லை. வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் வேறு, எஃப்.சி. வேறு என்பது போல. கல்லூரி தானாகப் பட்டம் கொடுக்க முடியாது. 1956-ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம், 22-ஆம் பிரிவுப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமும்தான் பட்டம் தரலாம். டெல்டாவின் பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகள், 1982-இல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றவை. உங்கள் பிள்ளையின் பட்டத்தில் இருக்கப்போவது அந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை. இதைத்தான் மக்கள் ‘அங்கீகாரம்’ என்கிறார்கள். கல்லூரி, யுஜிசி ஏற்றுக்கொண்ட கல்லூரிகளின் 2(எஃப்) பட்டியலில் இருக்கிறதா, மத்திய நிதி பெறத் தகுதி தரும் 12(பி) பட்டியலிலும் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நாக் (தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவை) என்பது அதற்கு மேலே. 1994-இல் யுஜிசி அமைத்த தன்னாட்சி அமைப்பு, தலைமையகம் பெங்களூரு. ஏற்கனவே இணைவு பெற்ற கல்லூரி எப்படி நடக்கிறது என்று மதிப்பிட்டு கிரேடு கொடுக்கும். கிரேடு இல்லாத கல்லூரியின் பட்டமும் செல்லும். இணைவு இல்லாத இடத்துக்கு நாக் வரவே வராது.

“புதுக் கல்லூரி, நாக் இல்லைங்கிறாங்க. சேர்க்கலாமா?”

இரண்டு பேட்ச் படித்து வெளியே போயிருக்க வேண்டும், அல்லது ஆறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் விண்ணப்பிக்கவே முடியாது என்பதால் புதுக் கல்லூரிக்கு கிரேடு இல்லாதது குற்றமில்லை. பழைய கல்லூரி என்றால் கேளுங்கள். மதிப்பீடு கட்டாயம் என்று யுஜிசி 2012-இலேயே விதி கொண்டுவந்துவிட்டது.

“ஏ பிளஸ் பிளஸ், பி பிளஸ்ங்கிறாங்களே, எதுக்கு எவ்வளவு மார்க்?”

நான்குக்குக் கணக்கு. 3.51-லிருந்து 4 வரை ஏ++, 3.26-லிருந்து 3.50 வரை ஏ+, 3.01-லிருந்து 3.25 வரை ஏ. அப்புறம் 2.76 முதல் பி++, 2.51 முதல் பி+, 2.01 முதல் பி, 1.51 முதல் சி. 1.50-ம் அதற்குக் கீழும் டி, அதாவது தேறவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏழு அடுக்கு கிரேடு 2016-இல்தான் வந்தது. அதற்கு முன் 3.01-க்கு மேல் எல்லாமே ‘ஏ’. ஆக 2012-இல் வாங்கிய ஏ, அன்றைக்கு இருந்ததிலேயே உச்சம். இன்றைய ஏ மூன்றாவது படி. பழைய ஏ-யையும் புதிய ஏ-யையும் பக்கத்தில் வைத்துப் பேசுபவர்களிடம் நான் ஆண்டைத்தான் முதலில் கேட்பேன். இந்த முறையையே எடுத்துவிட்டு ‘உண்டு, இல்லை’ என்று இரண்டாக வைக்கப்போவதாக 2024-இல் அறிவித்தார்கள். நான் சொல்வது கிரேடு முறையில் வாங்கி வைத்திருக்கும் கல்லூரிகளுக்கு.

“பஸ் ஸ்டாண்டு பேனர்ல பெருசா ஏ கிரேடுன்னு போட்டிருக்கான். நம்பலாமா?”

பேனரில் கிரேடு இருக்கும், தேதி இருக்காது. கிரேடு பொதுவாக ஐந்து ஆண்டுக்குத்தான். அடுத்தடுத்த சுற்றில் உயர்ந்த கிரேடு வாங்கியவர்களுக்கு ஏழு. காலாவதியான பிறகும் ஃபிளெக்ஸ் அப்படியே தொங்கும், யாரும் இறக்க மாட்டார்கள். நாக் இணையதளத்தில் கல்லூரிப் பெயரைப் போட்டால் எத்தனையாவது சுற்று, எவ்வளவு மார்க், எதுவரை செல்லும் எல்லாம் வரும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதிலும் தவறில்லை. ஆபீஸ் சுவரில் சட்டம் போட்டுத்தான் மாட்டியிருப்பார்கள்.

“வெள்ளையடிச்சு, குழுவுக்கு பிரியாணி போட்டா கிரேடு வந்துடும்னு சொல்றாங்களே?”

வெள்ளையடிப்பது உண்மை. பிரியாணியும் உண்மைதான். ஆனால் குழு வந்து இறங்குவதற்கு முன்பே ஆட்டத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும். கல்லூரி முதலில் ஒரு தன்னாய்வு அறிக்கை தர வேண்டும். ஐந்து ஆண்டுக் கணக்கு: எத்தனை ஆசிரியர், எத்தனை பேர் முனைவர், எத்தனை மாணவர் தேர்ச்சி, நூலகத்துக்கு எவ்வளவு செலவு, எத்தனை பேர் வேலைக்கோ மேல்படிப்புக்கோ போனார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் கேட்டு இணையம் வழியே திருப்பி அனுப்புவார்கள். மாணவர்களுக்கே நேரடியாகக் கருத்துக் கேட்பு போகும், கல்லூரி நடுவில் நிற்க முடியாது. 2017 முறைப்படி மார்க்கின் பெரும்பகுதி இந்த எண்களிலிருந்து வருகிறது.

எங்கள் அறையில் இது எப்படி இருக்கும் என்றால், ‘திறன் பயிற்சி நடத்தினோம்’ என்று ஒரு வரி எழுதியிருப்போம். சுற்றறிக்கை எங்கே, வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட தாள் எங்கே, இடமும் நேரமும் பதிந்த போட்டோ எங்கே என்று கேட்டு வரும். பயிற்சி உண்மையிலேயே நடந்திருக்கும், நூறு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், போட்டோ எடுத்த தம்பி போனை மாற்றியிருப்பான். அந்த வரி போச்சு. பக்கத்துக் கல்லூரியில் பத்துப் பேரை வைத்து நடத்தி, ஃபைலை ஒழுங்காக வைத்திருந்தால் அவர்களுக்கு மார்க். இது நியாயமா என்றால் எனக்கே முழுச் சம்மதம் இல்லை. ஆனால் ஃபைல் வைக்கிற பழக்கம் உள்ள இடத்தில் பிள்ளையின் வருகைப்பதிவும் இன்டர்னல் மார்க்கும் பத்திரமாக இருக்கும் என்பதும் நான் பார்த்ததுதான்.

இணைவுக் கல்லூரிக்கு மொத்தம் 1000 மார்க், ஏழு தலைப்பு. பாடத்திட்டம், கற்பித்தலும் தேர்வும், ஆராய்ச்சி, கட்டட வசதி, மாணவர் நலன், நிர்வாகம், நிறுவன மதிப்பீடுகள். இதில் கற்பித்தலுக்கும் தேர்வுக்கும் மட்டும் 350. பெயின்ட் அடிப்பது சேரும் கட்டட வசதிக்கு 100.

“லஞ்சம் வாங்கினாங்கன்னு சிபிஐ பிடிச்சாங்களே, அப்புறம் அந்த கிரேடுக்கு என்ன மரியாதை?”

2025 பிப்ரவரியில் ஆந்திரத்து நிறுவனம் ஒன்றின் ஏ++ விஷயத்தில் ஆய்வுக்குழுவினர் கைதானது நடந்ததுதான். அதனால்தான் கிரேடை மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன். கிரேடோடு ஒவ்வொரு கல்லூரியும் வருடாந்திரத் தர அறிக்கை அனுப்ப வேண்டும், அதைத் தன் இணையதளத்திலும் போட வேண்டும். அதைத் திறந்து கடைசி ஆண்டு தேர்ச்சி விவரத்தையும் ஆசிரியர் பட்டியலையும் பாருங்கள். மூன்று ஆண்டாக அறிக்கையே போடாத கல்லூரி என்றால் எந்த கிரேடாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

“நாம சிறுபான்மை. முப்பதாவது பிரிவு இருக்கே, இவங்க ஏன் வந்து சோதிக்கணும்?”

அரசியலமைப்பின் 30(1) பிரிவு, விரும்பிய கல்வி நிறுவனத்தை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. கேரளக் கல்வி மசோதா பற்றிய 1958-ஆம் ஆண்டுக் கருத்திலேயே, நடத்தும் உரிமை என்பது சீர்கெட நடத்தும் உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கின் 11 நீதிபதிகள் அமர்வும் கல்வித் தரத்துக்கான ஒழுங்குமுறை சிறுபான்மை நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்றே தீர்ப்பளித்தது. முதல்வரை யார் தேர்ந்தெடுப்பது, நிர்வாகம் யார் கையில் என்பதில் பாதுகாப்பு உண்டு. பாடம், தேர்வு, ஆசிரியர் தகுதி இவற்றில் விலக்கு கிடையாது. சிறுபான்மைத் தகுதிச் சான்று என்பது வேறு தாள். அதைத் தரும் தேசிய ஆணையம் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அந்தச் சான்றைக் காட்டி ‘அரசு அங்கீகாரம்’ என்று சொல்பவர்களும் உண்டு, கவனம்.

“தீனியாத் (மார்க்கப் பாடம்) வகுப்பு, தொழுகை இடமெல்லாம் இருந்தா நாக்ல மார்க் குறையுமா?”

குறையாது. மார்க்கத்துக்கு மார்க் கூடவோ குறையவோ அங்கே பட்டியலே இல்லை. பார்ப்பது வேறு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்தில், மதபோதனையில் கலந்துகொள்ளும்படி யாரையும் சம்மதமில்லாமல் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 28(3) பிரிவு சொல்கிறது. அதனால்தான் முஸ்லிம் பிள்ளைகளுக்கு தீனியாத் நடக்கும் மணி நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு வைக்கிறோம். நம் கல்லூரிகளில் படிப்பவர்களில் பெரும்பங்கு சுற்றுவட்டாரக் கிராமங்களின் இந்துப் பிள்ளைகள் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. குழு வந்தபோது பெற்றோர் கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து பேசியவர்களும் அவர்கள்தான்.

“அட்டானமஸ் காலேஜ்ல அவங்களே கொஸ்டின் போட்டு அவங்களே திருத்துறாங்க. அப்ப மார்க் அள்ளிப் போடுவாங்கதானே?”

தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வைத்துக்கொள்ளும், பட்டம் பல்கலைக்கழகத்துடையது. பாடத்திட்டக் குழுவில் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியும் வெளிக் கல்லூரிப் பேராசிரியர்களும் உட்கார வேண்டும். வினாத்தாள் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும்.

தரம் என்று நான் பார்ப்பதெல்லாம் ஒரே விஷயம்தான்: பாடம் நடத்தாத வேறொருவர் அந்தப் பிள்ளையைச் சோதிக்கிறாரா? அட்டானமஸ் என்றால் இதைக் கேளுங்கள். வெளித் தேர்வாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள், மறுமதிப்பீட்டை யார் செய்கிறார்கள். ஒழுங்கான கல்லூரியின் தேர்வு நெறியாளர் மழுப்பாமல் சொல்வார்.

“ஐஎஸ்ஓ சர்டிபிகேட் இருக்குன்னு சொல்றாங்க?”

ஐஎஸ்ஓ 9001 என்பது நிர்வாக நடைமுறைக்கான தரம். சான்று கொடுப்பது பணம் வாங்கித் தணிக்கை செய்யும் தனியார் நிறுவனங்கள். இருந்தால் நல்லது, பட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

“பிசிஏ, பிபிஏ-வுக்கு இப்ப ஏதோ தனி பர்மிஷன் வேணுமாமே?”

ஆமாம். 2024-25 கல்வியாண்டிலிருந்து இந்தப் படிப்புகள் ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலின் கீழ் வந்துவிட்டன. கலைக் கல்லூரியாக இருந்தாலும் பல்கலைக்கழக இணைவோடு அந்த ஒப்புதலும் வேண்டும்.

“சரி, அரபிக் கல்லூரிக்கு யாரு அங்கீகாரம் கொடுக்குறது?”

உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் போல் தமிழ்நாட்டில் அரசு மதரஸா வாரியம் இல்லை. அரபிக் கல்லூரி ஒரு அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ வக்ஃபாகவோ பதிவாகியிருக்கும். அது நிர்வாகத்துக்கான பதிவு. வக்ஃப் என்றால் கணக்கு வக்ஃப் வாரியத்துக்குப் போக வேண்டும். படிப்பின் தரத்தை இவர்களில் யாரும் சோதிப்பதில்லை.

அப்படியென்றால் தரமே பார்ப்பதில்லை என்று அர்த்தமில்லை. பார்ப்பது ஆலிம்களின் வட்டம். ஒரு ஹஜ்ரத்தின் (ஓதிக் கொடுக்கும் ஆலிமை இப்படித்தான் அழைப்போம்) பெயருக்குப் பின்னால் பாகவி என்று இருந்தால் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், மன்பயீ என்றால் லால்பேட்டை, மிஸ்பாஹி என்றால் நீடூர். இமாம் தேடும் ஜமாஅத் (ஊர்ப் பள்ளிவாசல் அமைப்பு) முதலில் பார்ப்பது இந்தப் பின்னொட்டைத்தான். அந்த மதரஸாவில் ஓதியவர்கள் எப்படி என்று ஊருக்கு ஊர் தெரியும். தலைமுறைகளாக வேலை செய்யும் தர முத்திரை இது, எந்த அலுவலகமும் கொடுத்ததில்லை.

இன்னொன்று, தேர்வு. பெரும்பாலும் ஏழு ஜும்ரா (வகுப்பு), ஷவ்வால் மாதம் தொடங்கி ஷஃபான் மாதம் முடியும் ஆண்டு. நல்ல மதரஸாக்களில் ஆண்டுத் தேர்வுக்கு வெளியூர் ஹஜ்ரத்மாரை அழைக்கிறார்கள். ஒருவர் கிதாபை (பாட நூலை) நடுவில் ஏதோ ஒரு பக்கத்தில் திறந்து ‘இபாரத் வாசி’, அதாவது மூல வரிகளை வாசி என்பார். ஜபர், ஜேர் என்ற உயிர்க்குறிகள் எதுவும் போடாத அரபு எழுத்து. பையன் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாக்கியத்தின் இலக்கணம் புரிந்தால்தான் கடைசி எழுத்தின் உச்சரிப்பு சரியாக வரும். மனப்பாடம் செய்தவன் இரண்டாவது வரியில் திணறுவான். ஹஜ்ரத் ஒன்றும் சொல்லாமல் விரலால் அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டி நிற்பார். மேலே தன்னாட்சிக் கல்லூரிக்குச் சொன்ன அளவுகோல் இங்கேயும் அதேதான். வெளி ஆள் வந்து சோதிக்கிறாரா என்று கேளுங்கள். நடத்தியவரே கேள்வி கேட்டு அவரே சனது கொடுக்கும் இடங்களும் டெல்டாவில் முளைத்திருக்கின்றன.

“ஆலிம் சனது பி.ஏ.வுக்குச் சமம்னு சொன்னாங்களே ஹஜ்ரத்?”

நான் ஹஜ்ரத் இல்லை, ஆனால் இதற்குப் பதில் சொல்லலாம். பொதுவாகச் சமமில்லை. 2024 நவம்பர் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேச மதரஸா கல்விச் சட்டம் (2004) செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதில் காமில், ஃபாஸில் என்ற உயர்கல்விப் பட்டங்கள் பற்றிய பகுதியை யுஜிசி சட்டத்தோடு மோதுகிறது என்று நீக்கியது. அரசு வாரியம் கொடுத்த பட்டத்துக்கே இந்த நிலைமை என்றால், வாரியமே இல்லாத நம் ஊர் சனதை அரசு வேலைக்குப் பட்டமாகக் காட்ட முடியாது.

வழி இல்லாமல் இல்லை. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், டெல்லி ஜாமியா மில்லியா, ஹைதராபாத் மவுலானா ஆசாத் உருதுப் பல்கலைக்கழகம் மூன்றும் குறிப்பிட்ட மதரஸாக்களின் சான்றிதழைச் சில படிப்புகளின் சேர்க்கைக்கு ஏற்கின்றன. பட்டியல் வைத்திருக்கிறார்கள். உங்கள் மதரஸா அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மதரஸா மாணவர்களைப் பொதுப் பட்டப்படிப்புக்குத் தயார் செய்ய அலிகாரில் 2013-இல் ஓராண்டு இணைப்புப் படிப்பையும் தொடங்கினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா என்ற அரபு மொழிப் படிப்பு வேறு வகை. அது பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வு, சனதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

“ஓதிக்கிட்டே டிகிரியும் முடிச்சுடலாமா?”

தாராளமாக. டெல்டாவின் ஆலிம்களில் பட்டதாரிகள் இப்படித்தான் அதிகமானார்கள். சனது யுஜிசி பட்டம் இல்லை என்பதால் இரண்டும் மோதாது. போதாததற்கு, ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கவே 2022-இல் யுஜிசி அனுமதித்துவிட்டது. தொலைநிலைப் படிப்பில் சேர்வதற்கு முன், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டில் அந்தப் பாடத்துக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள். போன வருஷம் இருந்தது இந்த வருஷம் இல்லாமல் போகலாம்.

வரிசை முக்கியம். பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம். எட்டாவதோடு மதரஸாவில் சேர்ந்த பையன் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கிவிட்டு டிஎன்பிஎஸ்சி எழுதப் போய், வரிசை சரியில்லை என்று நிற்பதைப் பார்த்து வருகிறோம். பத்தும் பன்னிரண்டும் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ முடிக்கலாம். மதரஸா நிர்வாகமே இதற்கு ஆசிரியர் வைத்தால் அது பெரிய புண்ணியம். நீடாமங்கலத்திலோ பாபநாசத்திலோ ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் கிடைக்கமாட்டாரா என்ன.

“இந்த மதரஸாவுலயே பி.ஏ. சர்டிபிகேட் கொடுக்குறாங்களாம், ‘இன்டர்நேஷனல் இஸ்லாமிக் யுனிவர்சிட்டி’ன்னு போட்டிருக்கு.”

மறுபடி 22-ஆம் பிரிவு. அதற்கு அடுத்த 23-ஆம் பிரிவும் உண்டு: சட்டப்படி அமையாத நிறுவனம் பெயரில் ‘யுனிவர்சிட்டி’ என்று போட்டுக்கொள்ளக்கூடாது. போலிப் பல்கலைக்கழகப் பட்டியலை யுஜிசியே வெளியிடுகிறது. அதில் பெயர் இல்லை என்பதும் ஆதாரமாகாது, அங்கீகரித்தவர்கள் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். உண்மையான பல்கலைக்கழகத்தின் படிப்பு மையமாக இருந்தால், ஃபீஸ் ரசீது யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். மதரஸா பெயரில் கையால் எழுதிய ரசீது வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

“மகளை நிஸ்வான் (பெண்கள்) மதரஸா ஹாஸ்டல்ல விடப்போறேன். அங்கே என்ன பார்க்கணும்?”

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, முதலில் கேட்க வேண்டியது இதுதான். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிக்கு 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வேண்டும், மாவட்ட ஆட்சியர் வழியாகக் கொடுக்கிறார்கள். மதக் கல்வி இடம் என்பதால் விலக்கு கிடையாது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று மூன்றையும் கேளுங்கள். கேட்கத் தயங்கினால் 2004 ஜூலை 16-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் போனார்கள். இங்கேயிருந்து அரை மணி நேரப் பயணம். மாடிப்படி ஒன்றா இரண்டா, இரவில் கேட்டைப் பூட்டினால் சாவி யாரிடம், ஜன்னல் கம்பி திறக்குமா, சமையல் கூடமும் படுக்கும் இடமும் ஒட்டி இருக்கிறதா என்று நின்று பாருங்கள். உள்ளே ஆண்கள் போகக்கூடாது என்றால் வீட்டுப் பெண்கள் போய்ப் பார்க்கட்டும்.

2012 திருத்தப்படி மதரஸாக்களுக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது. அதனால் 14 வயதுக்குள்ளான பிள்ளையின் பள்ளிப் படிப்பைத் தொடர வைக்கும் பொறுப்பை யாரும் உங்களுக்காக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் (2012) எல்லா இடத்துக்கும் உண்டு. பிள்ளை ஏதாவது சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், ஜமாஅத்தில் பேசித் தீர்க்கலாம் என்று யார் சொன்னாலும் சரி.

“ஹஜ்ரத்மாரைப் போய் சர்டிபிகேட் காட்டுங்கன்னு கேட்டா அதபு (மரியாதை) இல்லைன்னு நினைப்பாங்களே?”

ஹதீஸை (நபிமொழியை) யார் யாரிடமிருந்து கேட்டார் என்று ஆள் ஆளாக விசாரித்து ஏற்றுக்கொண்ட மரபில் வந்தவர்கள் அவர்கள். விசாரிப்பதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியாததில்லை. முத்தவல்லியை (பள்ளிவாசல் நிர்வாகி) அல்லது ஊர்ப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய், அஸர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து மரியாதையாகக் கேளுங்கள். என் அனுபவத்தில் கோபப்பட்டவர்கள் எல்லாம் நிர்வாகக் கமிட்டிக்காரர்கள், ஹஜ்ரத்மார் இல்லை.

“மச்சான் மலேசியாவுல சேர்த்துவிடுறேங்கிறார். அந்த டிகிரி இங்கே செல்லுமா?”

மலேசியாவில் அங்கீகரித்த படிப்புகளை எம்க்யூஏ என்ற அமைப்பு பதிவேட்டில் வைத்திருக்கிறது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். கல்லூரிக்கு அல்ல, படிப்புக்குப் படிப்பு பதிவு. அதனால் சேரும் படிப்பின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இங்கே வேலைக்கோ மேல்படிப்புக்கோ சமநிலைச் சான்று வேண்டும். அதற்கு யுஜிசி 2025 ஏப்ரலில் புதிய விதி கொண்டுவந்திருக்கிறது. சேரும் முன்பே படித்துவிடுங்கள்.

“காலேஜ்ல குறை. யார்கிட்ட சொல்றது? சொன்னா பையன் மார்க்ல கை வைப்பாங்களா?”

பல்கலைக்கழக இணைவுக் கல்லூரி என்றால் 2023 யுஜிசி விதிப்படி மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், அதற்கு மேல் பல்கலைக்கழகத்தில் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும். எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு ஒப்புகை வாங்குங்கள். சான்றிதழைப் பிடித்து வைப்பதும், கட்டிய பணத்தைத் திருப்பித் தராததும் இந்தக் குழுவுக்குள் வரும். மார்க்கில் கை வைக்கும் பயம் நியாயமானதே. அதற்காகத்தான் வெளித் தேர்வாளர் பற்றி அவ்வளவு சொன்னேன்.

அரபிக் கல்லூரி என்றால் இப்படி ஒரு படிக்கட்டு இல்லை. நிர்வாகக் கமிட்டி, வக்ஃபாக இருந்தால் வக்ஃப் வாரியம், குற்றமாக இருந்தால் காவல் நிலையம்.

“கஜா புயல்ல ரெக்கார்டெல்லாம் நனைஞ்சு போச்சுன்னு சொல்லி என் மார்க்ஷீட்டை இழுத்தடிக்கிறாங்க. என்ன பண்றது?”

2018 நவம்பரில் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், வேதாரண்யம் கரையோரம் எத்தனையோ அலுவலகங்களில் கூரை போனது நிஜம். ஆனால் பட்டப்படிப்பு மார்க் கல்லூரி பீரோவில் மட்டும் இருப்பதில்லை. பதிவெண் இருந்தால் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் நேரடியாக இரட்டைப் படிக்கு விண்ணப்பிக்கலாம். காணாமல் போனதற்குக் காவல் நிலையச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், கட்டணம் கேட்பார்கள். பதிவெண்ணும் மறந்துவிட்டால் கூடப் படித்த யாரிடமாவது ஹால் டிக்கெட் இருக்கும். உங்கள் எண் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

ஆலிம் சனது போயிருந்தால் நிலைமை வேறு. மதரஸாவின் சேர்க்கைப் பதிவேடும் சனது பதிவேடும்தான் ஆதாரம். அவையும் நனைந்துவிட்டன என்றால், அந்த ஆண்டு தலைப்பாகை கட்டிச் சனது வாங்கிய உங்கள் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஓதிக் கொடுத்த ஹஜ்ரத் ஒருவரும் கையெழுத்திட்டால் நிர்வாகம் மறு சனது எழுதிக் கொடுக்கும். அந்த ஹஜ்ரத்துக்கு வயதாகிவிட்டது என்றால் இந்த வாரமே போங்கள்.